மைக் அக்காவின் முன்பற்கள்

பேருந்து நிலையத்துக்கு வந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. முதல் நடைமேடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் கண்ணாடி பதித்த ஒரு சிறு அறை இருக்கும். பஞ்சு உறை போட்ட மைக், ஒரு கால் ஆடும் நாற்காலி, கீழேயிருந்து நேரக் காப்பாளர் அனுப்பும் சீட்டுகளைக் குத்திவைக்க ஒரு கம்பி, இவ்வளவுதான் அங்கே சாமான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை தாயைத் தேடி அழுகிறது என்று காலை முதல் மாலை வரை அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட அவளை ‘மைக் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கொட்டும் மழையிலும் எஞ்சின் இரைச்சலிலும் அவள் சொல் ஒவ்வொன்றும் உரித்த பருப்பு மாதிரி முழுசாக வந்து விழும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொண்டை வறளாமலிருக்கக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு கற்கண்டை ஒதுக்கி வைத்துக்கொள்வது. கடிக்கக் கூடாது, சப்பக் கூடாது. அது பாட்டுக்குக் கரையும். கரைந்ததும் அடுத்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது, அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்தது. இடது கன்னத்தில் ஒதுக்கினால் பேச்சு தடுக்காது என்று அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தொண்டை அவளை ஏமாற்றவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டவள் பல்லைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

அவள் கணவர் அதே நிலையத்தில் ஓட்டுநராக இருந்தவர். அவள் குரல் கேட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். “ஊர்ல உள்ள வண்டியெல்லாம் கிளப்பி விடுறவ, என்னைய மட்டும் நிறுத்திப்புட்டா” என்று கல்யாணத்தின்போது நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தவர். ஒரு காலை, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். பக்கவாதம், வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மனிதர்களை அடையாளம் தெரிந்தது, சொன்னது புரிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் ஒரு முனகல்தான் வரும்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “உணர்ச்சி இல்லாத கன்னத்துல சோறு தங்கிடும்மா. அவருக்கே தெரியாது. அது நெஞ்சுக்குள்ள இறங்கிச்சுன்னா காய்ச்சல்தான், ஆளையே கொண்டுபோயிடும். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் வாயச் சுத்தம் பண்ணணும்.”

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், மிருதுவான சின்ன பிரஷ், விரலில் சுற்றிய துணி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஈறோரமாக மெதுவாகத் துலக்கி, கன்னத்தின் உட்புறம் வழித்து, நாக்கைத் துடைத்து விடுவாள். காலையும் இரவும் அவள் செய்தாள். பகலில் வந்து உட்காரும் நாத்தனார், அவருடைய தங்கை, மதியம் செய்தாள். அவர் பற்கள் முன்பு வண்டி ஓட்டிய காலத்தில்கூட அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை.

தன் வாய்க்கு அவளிடம் நேரம் மிஞ்சவில்லை. காலையில் உலை கொதிப்பதற்குள் விரலில் கொஞ்சம் பசையை எடுத்து முன்பல்லில் ஒரு தேய்ப்பு. இரவில் அவரைப் படுக்க வைத்த கையோடு, அவர் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துச் சாய்ந்துவிடுவாள். வாயில் கடைசிக் கற்கண்டின் இனிப்பு இருந்தபடியே கண் சொருகும்.

அவர்களுடைய மாடி அறை நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும். அதுதான் அவருக்குத் துணை. அவள் வேலைக்குப் போனதும் அவர் முகம் கடுகடுவென்று ஆகும். முதல் அறிவிப்பு வந்ததும் நெற்றி தளரும். “கச்சேரி ஆரம்பிச்சாச்சு, இனி அண்ணனுக்கு நாம எதுக்கு?” என்பாள் நாத்தனார். எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று கேட்டு, பழைய சகாக்களை நினைத்து இடது கையால் கட்டிலைத் தட்டுவாராம். அவள் குரல் வரும்வரை சாப்பிட வாயைத் திறக்க மாட்டார். அது தெரிந்ததால்தான், காய்ச்சலோ தலைவலியோ, அவள் அந்த நாற்காலியை விட்டதில்லை.

ஒரு காலை நாத்தனார் படியேறி வரும்போது அவள் தொட்டியில் துப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

“என்ன அண்ணி, விடியறதுக்குள்ள யாரக் கடிச்சீங்க?”

“ஈறுதான். பிரஷ் பட்டா ரத்தம் வருது. அந்தப் பக்கம் தொடாம விட்டா தானா நின்னுடும்.”

“அண்ணனுக்கு வந்தா தொடாம விடுவீங்களா?”

“அவருக்கு எங்க வருது?”

“எப்படி வரும்? கோயில் சிலை மாதிரில்ல கழுவி வைக்கிறீங்க. உங்க வாயக் கொஞ்சம் பாருங்க. ஒருநாள் லீவு போட்டா அந்த பஸ்ஸெல்லாம் படுத்துக்குமா?”

“உங்கண்ணன் படுத்துக்குவாரு. நேரமாச்சு, நான் வரேன்.”

ரத்தம் வந்த இடத்தைத் தொடாமல் விட்டாள். சில நாளில் ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகியது. அதையும் தொடாமல் விட்டாள். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். மாலை வேலைக்கு வரும் பெண் தனக்கென்று ஒரு பஞ்சு உறை வாங்கி வந்து, இவளுடையதைக் கழற்றிவிட்டு மாட்டத் தொடங்கினாள். சுத்தக்காரி போலிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒருநாள் தன் உறையைத் தற்செயலாக மூக்கருகே கொண்டுபோனபோது அடித்த வாடையில்தான் விஷயம் புரிந்தது. அன்று முழுக்கக் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள்.

‘த’ என்று சொல்லும்போது நாக்கு பட்டு மேல்பல் அசைவது தெரிந்த நாளில்தான் பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கைத் திருப்பி வைத்து, வாய்க்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இடது பக்கம் மட்டும் இவ்வளவு சொத்தையா இருக்கே. அந்தக் கன்னத்துல என்ன வைப்பீங்க?”

“கற்கண்டு.”

“எப்பப்ப?”

“எப்பவும்தான், டாக்டர். தொண்டைக்கு.”

டாக்டர் கண்ணாடிக் கம்பியைத் தட்டில் வைத்தாள். “சொத்தைய அடைச்சுக்கலாம். முன்னாடி மேல்பல் நாலும்தான் கஷ்டம். அழுக்கு ஈறுக்கு அடியில இறுகி, பல்லப் பிடிச்சிருந்த எலும்பு கரைஞ்சுடுச்சு. ரத்தம் வந்துச்சே, அப்பவே வந்திருக்கலாமேம்மா.”

“ரத்தம் வருதேன்னு அந்தப் பக்கம் தேய்க்காம விட்டேன்.”

“எல்லாரும் அதத்தான் பண்றாங்க. தேய்க்காததாலதான் ரத்தமே. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மெதுவா தேய்ச்சிருந்தா, இனிப்புக்குப் பதிலா வெறும் தண்ணி குடிச்சிருந்தா…” அவள் முடிக்கவில்லை. “வீட்டுல வேலை ஜாஸ்தியா?”

இவள் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “பல்லு போச்சுன்னா பேச்சு மாறுமா?”

“செட்டு வச்சுக்கலாம். பழகப் பழகச் சரியாகும்.”

“மைக்குல?”

டாக்டர் யோசித்தாள். “அது எனக்குத் தெரியல.”

தெரியவில்லை என்ற அந்தச் சொல் போதுமாக இருந்தது அவளுக்கு. விடுமுறைக் கூட்டம் முடியட்டும் என்று பல் எடுப்பதைத் தள்ளிப்போட்டாள். கூட்டம் முடிந்தது. நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று இன்னும் கொஞ்சம். சாப்பாட்டைப் பிசைந்து விழுங்கினாள். சிரிப்பதை நிறுத்தினாள். அசையும் பல்லை நாக்கால் உள்ளேயிருந்து தாங்கிக்கொண்டே பேசப் பழகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்பார்கள். அவளால் அதுவும் முடியவில்லை.

நேரக் காப்பாளர் ஓய்வு பெறப்போகிற மனிதர், வாய் சும்மா இருக்காது. சீட்டோடு மேலே வந்தவர் அவளைக் கவனித்துவிட்டார்.

“என்னம்மா, முகம் ஒரு பக்கம் பூரிச்சுப் போயிருக்கு? எனக்குத் தெரியாம ஏதாவது விருந்தா?”

“பல்வலிண்ணே.”

“பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க. உன் சொல்லு போச்சுன்னா என் பஸ்ஸு போச்சு. பாத்துக்கம்மா.”

விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

நடந்தது ஒரு முற்பகலில். நான்காம் மேடை வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்ப்பெயரில் பாதி வந்தது. மீதிக்கு நாக்கை உயர்த்தியபோது பல் பிடுங்கிக்கொண்டு நாக்கின் மேல் விழுந்தது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. வாயில் இரும்பின் ருசி. அவள் மறுபடி அந்தப் பெயரைச் சொல்ல முயன்றாள். காற்றுதான் வந்தது. சீறல் நிலையம் முழுக்கப் பரவியது. கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு ஒலிபெருக்கிகள் எல்லாம் வெறுமனே இரைந்துகொண்டிருந்தன. நேரக் காப்பாளர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, அவள் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பி மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

மற்ற மூன்றையும் டாக்டர் எடுத்துவிட்டாள். புண் ஆறியதும் செட்டு வந்தது. பார்வைக்கு அச்சு அசல். பக்கத்தில் நின்று பேசினால் குறையே தெரியாது. மைக் முன்னால் வந்தால்தான் ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஒரு விசில் ஒட்டிக்கொண்டது. அண்ணத்தில் தகடு மோதும் ‘டக்’கும் சேர்ந்து கேட்டது. மைக்கை அணைத்துவிட்டு நேரக் காப்பாளரை எதிரே உட்காரவைத்துப் பயிற்சி செய்தாள். “இப்ப பரவால்லம்மா, நல்லாவே வருது” என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கிளை மேலாளர் நடைமேடையில் நின்று கேட்டார். பிறகு அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஜனங்களுக்குப் புரியலைங்கம்மா. நானும் கேட்டுப் பார்த்துட்டேன். வேலை போகாது. தவறவிட்ட பொருள் அறையில ஆள் இல்ல, அங்க இருங்க. தப்பா நினைக்காதீங்க.”

“இதுல என்ன தப்பு, சார்?” என்றாள். அந்தச் சொற்களிலும் விசில் இருந்தது.

அவள் இப்போது குடைகளுக்கும் பைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே உட்கார்கிறாள். தாகத்துக்குத் தண்ணீர்தான் குடிக்கிறாள். பாயை விரிக்கும் முன் மிச்சமுள்ள பற்களை டாக்டர் காட்டிக்கொடுத்தபடி ஈறோரமாகத் துலக்குகிறாள், செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுகிறாள். முதல் சில நாள் ரத்தம் வந்தது. பிறகு டாக்டர் சொன்னபடியே நின்றுவிட்டது. அவ்வளவு சுலபமாக நின்றதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரு வாரவிடுமுறையன்று அவள் வீட்டில் இருந்தாள். நாத்தனாரும் வந்திருந்தாள். ஒலிபெருக்கியில், அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண்ணின் குரல் வந்தது. நல்ல குரல், தெளிவான குரல். கட்டிலில் அவர் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். அறிவிப்பு முடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தலையைத் தலையணையில் போட்டார்.

“தினமும் இப்படித்தான் அண்ணி,” என்றாள் நாத்தனார் மெல்ல. “அந்தப் பொண்ணு முடிச்ச பிறகு நீங்க பேசுவீங்கன்னு காத்திருக்காரு. ரெண்டு வாய்க்கு மேல சோறு இறங்க மாட்டேங்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு…”

“ஜன்னல சாத்திடலாமா?”

“சாத்திப் பாத்தேன். கட்டிலத் தட்டு தட்டுன்னு தட்டுறாரு.”

அவள் தண்ணீரைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். பிரஷ்ஷும் துணியும் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து வைத்தாள். பல் போனதிலிருந்து அவரிடம் சைகையாலேயே எல்லாம் செய்துவந்தவள், அன்று வாய்விட்டுச் சொன்னாள்.

“வாயத் திறங்க.”

அவர் அவள் வாயைப் பார்த்தார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவது போலப் பார்த்தார். உதடுகளை இறுக்கிக்கொண்டார். இத்தனை காலத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

“நான்தாங்க. நான்தான் பேசுறேன்.”

விசில் வராமல் சொல்லப் பார்த்தாள். வந்தது. செட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். அவர் உதடுகளைத் தளர்த்தவில்லை. கண் மட்டும் ஜன்னலுக்கும் அவளுக்குமாகப் போய்ப் போய் வந்தது.

கிண்ணம் மடியில் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, அதை மறுபடி சுடவைக்கப் போனாள்.