காற்று இழுக்கிற சிரிப்பு

எல்லோரும் சிரிக்கும்போது காற்றை வெளியே விடுவார்கள். நான் உள்ளே இழுப்பேன். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ‘ஹர்ர்ர்க், ஹர்ர்ர்க்’ என்று காற்றை இழுக்குமே, அதுதான் என் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் என்னை அஞ்சு எச்.பி. என்றார்கள். காலேஜில் ஏழரை ஆக்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் அதிகமாக ஜோக் அடிப்பவன் நான். அந்த ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிப்பவனும் நான்தான். ஆண்டவனுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் நான் சிரித்தால், வந்தவர் தன் போனின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்ப்பார். சில நேரம் அதனால் வியாபாரம்கூட ஆனது.

மீன்சுருட்டிப் பக்கம் பெண் பார்க்கப் போனபோதுதான் வினை வந்தது. பெரியவர்கள் ஜாதகப் பொருத்தம் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டு ஆடு நிதானமாக உள்ளே வந்து தாம்பூலத் தட்டிலிருந்த வெற்றிலையை மேய்ந்துவிட்டுப் போனது. நான் சிரித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார்.

“பையனுக்கு வீசிங் இருக்குதான்னு கேக்குறாங்கம்மா. இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“அது சிரிப்புங்க!” என்றாள் அம்மா.

“நானும் அதத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க.”

அன்றே வீட்டில் சட்டம் போடப்பட்டது. அடுத்த இடத்தில், தாலி கட்டும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. “கட்டுனப்புறம் எவ்வளவு வேணா சிரிடா. அவங்களால திருப்பிக் குடுக்க முடியாது,” என்றாள் அக்கா. இதற்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்குச் சிரிக்கத் தடை என்றால் உள்ளே வலிக்காதா? கண்ணாடி முன் நின்று, மற்றவர்களைப் போலக் காற்றை வெளியே விட்டுச் சிரித்துப் பழகினேன். அது சிரிப்பாகவும் இல்லை, இருமலாகவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கற்பூரவல்லி இலை கொண்டுவந்து கொடுத்தார்.

அப்போதுதான் ஒரு செல்போன் விளையாட்டு என்னிடம் வந்தது. ஒரு காலேஜ் பெண்ணின் போனில் மைக் மாற்றிக் கொடுத்தேன். “இதுல கத்திப் பாருங்கண்ணா, மைக் சரியா கேக்குதான்னு தெரிஞ்சிரும்,” என்று அந்தப் பெண் ஒரு தவளை விளையாட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பெரிய குளம். அங்குள்ள தவளையெல்லாம் ஒரே சுதியில் கத்தும். ஒன்றுக்கு மட்டும் வேறு குரல். அது வாயைத் திறந்தால் மற்றவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தவளைக்கு நாம்தான் குரல் கொடுக்க வேண்டும். நாம் மைக்கில் சத்தம் கொடுத்தால் அது தாவும்.

என் போனிலும் அதை ஏற்றிக்கொண்டேன். தவளைதானே என்று ‘கொர்க் கொர்க்’ என்றேன். அது சேற்றில் இறங்கியது. இன்னும் அழகாகக் கத்தினேன். இன்னும் ஆழமாக இறங்கியது. நாலு நாள் இதே கதை. டீ கொண்டுவந்தவர் கிளாசை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். “என்னங்க, இன்னிக்கு மழை வந்துருமா?”

நான் சிரித்துவிட்டேன். திரையில் தவளை ஒரே தாவலில் மூன்று தாமரை இலை தாண்டி உட்கார்ந்தது.

மறுபடியும் கொர்க் என்றேன், சேறு. சிரித்தேன், இலை. மற்ற தவளைகளைப் போலக் கத்தினால் அந்த விளையாட்டு கண்டுகொள்ளாது. அவரவர் சத்தம்தான் வேண்டுமாம். என் சிரிப்பைக் கேட்டு ஒன்று முன்னால் போனதை வாழ்க்கையில் முதல் முறை பார்த்தேன். மனிதர்கள் இதுவரை பின்னால்தான் போயிருக்கிறார்கள். கண்ணில் தூசி விழுந்தது என்று டீக்காரரிடம் சொன்னேன்.

கடைசிக் குளத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே இரண்டு வெவ்வேறு குரல் ஒன்றாகக் கேட்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். “ஒன்னப் பெத்தது பத்தாதா? தவளையா வேற கத்தணுமா?” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்படி இருக்கையில் இரண்டாவது இடம் வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, முந்திரிக் காட்டை ஒட்டிய வீடு. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எது கேட்டாலும் “ம்” என்றேன்.

“தம்பி ரொம்ப அமைதி போலருக்கு,” என்றார் பெண்ணின் அப்பா.

“அதிர்ந்து பேச மாட்டானுங்க,” என்றாள் அம்மா.

அக்காவுக்குப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். கண்ணில் நீர் கோத்தது. பஜ்ஜி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கையில் இருந்தது கேசரி.

பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். பலா மரத்தடி. சற்றுத் தள்ளி மோட்டார் கொட்டகை. அவள் அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அந்தத் தொழிலுக்கு ஏற்றபடி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. பல்லுல ஏதாவது பிரச்சனையா? மாப்பிள்ளைக்குப் பல்லு ஆடுது போல, முறுக்கு வைக்காதன்னு எங்க அம்மா உள்ள சொல்லிக்கிட்டிருக்காங்க.”

இதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்று தலையாட்டிவிட்டு வாயை மூடியபடியே தாலியும் கட்டிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு என் சிரிப்பு ஏமாற்றி விற்ற சரக்காகத்தான் கேட்கும். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. போனை எடுத்துத் தவளையைக் காட்டினேன். அதன் கதையைச் சொன்னேன். கடைசிக் குளத்தில் நிற்கிறது, இரண்டு குரல் வேண்டும் என்றேன்.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். முகத்தில் துளி சிரிப்பில்லாமல், எண்ணெய் காணாத இரும்புக் கேட்டைத் திறப்பதுபோல, ‘க்ரீரீய்ய்ங்’ என்றாள்.

அவ்வளவுதான். ஏழரை எச்.பி.யும் வெளியே வந்துவிட்டது. ஹர்ர்ர்க், ஹர்ர்ர்க்.

கொல்லைக் கதவு படீரென்று திறந்தது. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி, கையில் பாதி பஜ்ஜியோடு ஓடிவந்தார். “அய்யய்யோ, தண்ணியில்லாம ஓடுது! மோட்டார் காயில் கருகிரும்!” என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிக் கொட்டகைக்குள் பாய்ந்தார். அந்தப் பக்கம் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோவில் போட்டிருப்பார்கள். சத்தம் கேட்டால் விவசாயிக்கு வேறு நினைப்பே வராது.

சற்று நேரத்தில் குழம்பிய முகத்தோடு வெளியே வந்தார். “ஆஃப்லதான் கெடக்கு. கரண்டே வரல. அப்ப எது காத்து இழுத்துச்சு?”

பெண் மோவாயால் என்னைக் காட்டினாள். கதவருகில் அம்மா தலையில் கைவைத்து நின்றாள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“நான்தாங்க,” என்றேன். “சிரிச்சேன்.”

“எங்க, இன்னொரு தரம் சிரிங்க.”

உத்தரவு போட்டால் சிரிப்பு வருமா? ஆனால் பதற்றத்தில் அவர் பஜ்ஜியைக் காதோரம் செருகியிருந்தார். வந்துவிட்டது.

கொட்டகையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் கட்டைச் சுவரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்பாடா! புது மோட்டாருங்க. போன வாரந்தான் மாட்டுனோம். உசுரே போயிட்டு வந்துச்சு!” என்றவர், உள்ளே பார்த்து உரக்கக் கத்தினார். “ஏய், மோட்டாருக்கு ஒண்ணுமில்ல! நம்ம மாப்ளதான்!”

‘நம்ம மாப்ள’ என்ற வார்த்தையை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தவளை கரையேறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

“எனக்குச் சரிப்பா,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் கத்துனத யார்கிட்டயும் சொல்லக் கூடாது,” என்றாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே.

காற்றை இழுத்துச் சிரிக்கிறவன் அதை எப்போதாவது வெளியே விட்டாக வேண்டும். அன்று வேனில் ஏறி உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டேன். அரியலூர் வரும்வரை அது போய்க்கொண்டே இருந்தது.

இப்போதும் மாமனார் வீட்டில் நான் சிரித்தால், அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.