முன்மைக்கில் சித்தி

ஜெர்மனியில் என் சித்தி பாட்டுக்காரி. ஜெர்மன் மொழியில் அவர் தனியாகப் பாடிய ஒரேயொரு இசைத்தட்டு வந்த சுவடு தெரியாமல் போனது. பிறகு பதினைந்து வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று துணைக்குரல் பாடினார். "முன்னுக்கு நிக்கிறவைக்கு நாங்கள் தலையணை" என்பது அவர் பேச்சு.

ஆக்லாந்துக்கு எங்களிடம் வந்தபின் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். எனக்கு ஒன்பது வயது. பொங்கல் விழாவில் ஒரு பழைய சினிமாப் பாட்டைச் சரியாகப் பாடிவிட்டால் தமிழ்ச் சங்கத்து இசைக்குழுவில் சித்திதான் முதற்பாடகி என்று பேச்சு. பிளாட் புஷ்ஷில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் அம்மா ஓயவில்லை.

"முன்னுக்கு நிண்டு பாடு. அங்க போய் ஒளியாத."

"நெஞ்சு வோஷிங் மெஷின் மாதிரிச் சுத்துது, அக்கா."

வீட்டில் சித்தி பழகக் கேட்டே எனக்கும் பாடமாகியிருந்த அந்தப் பாட்டைப் பின்சீட்டில் முணுமுணுத்தேன்.

மேடையேறிய சித்தி மைக்குக்கு ஓரடி பின்னாலேயே நின்றார். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட சென்னை அண்ணா கத்தினார்: "மேடம், மைக் கடிக்காது, கிட்ட வாங்க!"

சனம் சிரித்தது. கரோக்கே இசை தொடங்கியது. சித்தி பாடினார். ஆனால் வந்தது பாட்டின் மெட்டு இல்லை. மெட்டுக்கு அடியில் ஓடுகிற துணைக்குரல். பயத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. மேலே பாட ஆளில்லாத அந்தக் குரலில் எந்தப் பாட்டென்றே ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"இது ஜெர்மன் மெட்டோ?" என்றார் பின்வரிசையில் ஒரு மாமா.

அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. பல்லவி முடிந்து இடையிசை வந்தது. சித்தி முன்னால் வந்து மைக்கை இறுகப் பிடித்தார். விழப் போகிறார் என்றே நினைத்தேன். பொறுக்க முடியவில்லை. எழும்பி, சரணத்தைத் தொண்டை கிழியப் பாடினேன். அந்த அண்ணா ஓடிவந்து என்னிடம் ஒரு மைக்கைத் தந்தார். மேடையில் சித்தி பின்னால் நகர்ந்தார். அவர் குரல் என் குரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. மண்டபம் எழும்பிக் கைதட்டியது. குழுவில் என்னை முன்னுக்கும் சித்தியைப் பின்னுக்கும் போட்டார்கள்.

காரில் கேட்டேன்: "நான் உங்கள சேவ் பண்ணினன்தானே, சித்தி?"

"ஓம், குஞ்சு. நல்லாப் பாடினாய்." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நீ எழும்பேக்க எனக்கு மெட்டுப் பிடிபட்டிட்டுது. அதான் மைக்கைப் பிடிச்சனான்."

அன்று அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.