குரங்குக்குக் கொள்ளி வைத்த கதை

குரங்கு செத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே அந்த மலர்ச்சியை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் எங்கள் தொழிலில் நிலைக்க முடியும்.

நான் மைசூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். காட்டு விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் நோய்கள்தான் என் பாடம். அதிலும் முக்கியமாகக் குரங்குக் காய்ச்சல். காட்டு உண்ணி கடித்தால் வருவது. குரங்குக்கு வந்தால் குரங்கு சாகும். செத்த உடம்பிலிருந்து உண்ணிகள் இறங்கி அடுத்த ஆளைத் தேடும். அந்த அடுத்த ஆள் நம் ஊர்க்காரராக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை எதிலாவது இருக்கும் சக பாவிகளே, பின்வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பக்கத்து வீட்டு நாய்

நான் உண்ணி ஆராய்ச்சி செய்கிறேன் என்பது தெரிந்த நாளிலிருந்து, பக்கத்து வீட்டு விமலா ஆன்ட்டி தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். நான் மிருக வைத்தியர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயின் காதுக்குள் இருந்து கொழுத்த உண்ணி ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம், கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து உண்ணியை அதில் போட்டு, நாய் எந்தப் பக்கம் உலாவப் போனது, குக்கரஹள்ளி ஏரிக் கரையா, சாமுண்டி மலையடிவாரமா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஆன்ட்டி நாயை இழுத்து அணைத்துக்கொண்டார். "அய்யோ கர்மவே! எடுத்ததை நசுக்கிப் போடாம டப்பியில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறியே, இதெல்லாம் உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

வெள்ளைத் துணி

காட்டில் உண்ணி பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிச் சருகின் மேல் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஏதோ பிராணி போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். அவ்வப்போது நின்று துணியைத் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். குஞ்சு உண்ணிகள் எள்ளைவிடச் சிறியவை. தையும் மாசியும் இதற்கு நல்ல பருவம். நமக்கு அல்ல, உண்ணிக்கு.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஹனூரைத் தாண்டிக் காட்டோரத்தில் ஓர் ஊர். கொங்குத் தமிழ் பேசுகிற விவசாயக் குடும்பங்கள். நானும் ஜீப் ஓட்டுநர் நாகேஷும் அங்கே துணி இழுத்துக்கொண்டிருந்தபோது, மாடு மேய்க்க வந்த ருக்மணியக்கா நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு, இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ருக்மணியக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெள்ளைத் துணியை மண்ணுல இழுத்து அழுக்காக்கறதுக்குச் சம்பளமாங் அம்மிணி? என்ற ஊட்டுக்காரரு அதைத் தினமும் சும்மாவே பண்றாருங்களே!"

எலிக்கு வைத்தியம்

அந்த ஊட்டுக்காரர் பழனிச்சாமியண்ணன். ஊர் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் அவர்தான் பெரியவர். இந்தக் கிருமி எலியிலும் மூஞ்சூறிலும்கூட ஒளிந்திருக்கும் என்பதால், அவருடைய மக்காச்சோளக் கொட்டகையைச் சுற்றி எலிக்கூண்டு வைக்க அனுமதி கேட்டேன். எலி பிடிக்க இவ்வளவு படித்தவர்கள் வருகிறார்களே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் காலையில் ஒரு கூண்டில் நல்ல தடியான எலி. எடை போட்டேன், ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன், காதிலிருந்த உண்ணிகளைப் பொறுக்கினேன். அண்ணன் குனிந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

பிடித்த உயிரைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது எங்கள் விதி. எங்களுக்குக் கிடைத்த அனுமதியே அந்த நிபந்தனையின் பேரில்தான். இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு இது மூச்சு விடுவதைப் போல இயல்பாகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. கூண்டைத் திறந்தேன். எலி நேராகச் சோளக் குவியலுக்குள் ஓடியது. அண்ணன் எலி போன திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மைசூருல இருந்து ஜீப்புப் போட்டுட்டு வந்து, என்ற எலிக்கு வைத்தியம் பாத்துட்டுப் போறீங்களாக்கும்!"

யாரும் கூப்பிடவில்லை

அதற்குப் பிறகு அந்த ஊரில் என் பெயர் கெட்டது. மைசூர்க்காரர்கள் எலி வளர்க்கிறார்கள் என்று ஆரம்பித்த பேச்சு, காட்டில் உண்ணியைக் கொண்டுவந்து விடுவதே அவர்கள்தான் என்பதில் போய் முடிந்தது. குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்று வீடு வீடாக என் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. குரங்கு சாகவில்லையா, எனக்குச் சொல்லவில்லையா என்பதுதான் தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் ஆள் சாகும்.

ஒரு நாள் கொள்ளேகாலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாகேஷுக்கு ஹனூர் டீக்கடைக்காரர் போன் செய்தார். அந்த ஊரில் ஆஞ்சநேயர் காலமாகிவிட்டார், ஊரே வேலைக்குப் போகாமல் கூடியிருக்கிறது என்று தகவல். நான் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். டீ குடித்த கடைக்காரர் முன்னால் நான் சிரித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. கன்னடக்காரரான நாகேஷ் தன் தமிழில் கண்டித்தார். "மேடம், சாவு வீட்டுக்குப் போறது. ஸ்வல்ப மூஞ்சியைச் சரி பண்ணிக்கோங்க."

நாற்காலியில் ஆஞ்சநேயர்

அந்தப் பக்கங்களில் குரங்கு செத்தால் மனிதருக்குச் செய்வது எல்லாம் செய்வார்கள். நாங்கள் போனபோது புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் குரங்கை உட்காரவைத்து, சின்ன வேட்டி கட்டி, துளசி மாலை போட்டிருந்தார்கள். மேளம் வந்திருந்தது. ருக்மணியக்கா குடத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தள்ளிப் போங்கள் என்று கத்தினேன். யாரும் நகரவில்லை. உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும், ரத்தம் கசியும், உயிரே போகலாம் என்றேன். உண்ணி விட்டவளே வந்து சொல்கிறாள் என்று கூட்டத்தில் ஒரு குரல்.

பழனிச்சாமியண்ணன் மேளத்தை நிறுத்தச் சொன்னார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மூளையிலும் ஈரலிலும் சிறு துண்டுகள் வேண்டும், மிச்சத்தைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்றேன். இத்தனையையும் கேட்டுவிட்டு அவர் யோசித்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு என்ற எலியைத் திருப்பி விட்டீங்கல்ல? அதே மாதிரி சாமியையும் திருப்பித் தரோணும். எடுக்கறதை எடுத்துட்டு, தெச்சு, வேட்டி கட்டித் திருப்பித் தரோணும்."

கொள்ளி

பாதுகாப்பு உடுப்பும் கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, மாசி வெயிலில் அந்த வேலையைச் செய்தேன். எடுத்த துண்டுகள் மட்டும் திரும்பி வராது என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எலி விஷயத்தில் பட்டது போதும். அவர் முகத்தைச் சுளித்தார், மறுக்கவில்லை. பிறகு தைத்தேன். வேட்டி கட்டினேன். எனக்கு வேட்டி கட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

யாரும் தொடக் கூடாது என்றால், தூக்குவது யார், குடம் உடைப்பது யார், கொள்ளி வைப்பது யார்? எல்லாம் நான்தான். அண்ணன் தூரத்தில் நின்றுகொண்டு இடமாகச் சுற்றுங்கள், பின்பக்கமாகக் குடத்தைப் போடுங்கள் என்று குரல் கொடுத்தார். உடுப்புக்குள் வேர்வை ஆறாக ஓட, சொன்னபடியெல்லாம் செய்தேன். தீ பிடித்ததும், சுற்றிலும் உண்ணி மருந்து தூவ வேண்டுமே, உடம்பு முழுக்க எரிகிறதா என்று பார்க்க வேண்டுமே என்று திரும்பினேன். ஊரே ஒரே குரலில் அலறியது. "கொள்ளி வெச்சவங்க திரும்பிப் பாக்கக் கூடாதுங்கோ!"

செத்தவர் என்ன உறவு?

துண்டுகளில் கிருமி இருந்தது. சுகாதாரத் துறையினர் ஊருக்குள் போனார்கள், உண்ணி விரட்டும் எண்ணெய் கொடுத்தார்கள், காய்ச்சல் யாருக்காவது இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை. கொள்ளி வைத்த அம்மிணி சொல்லி அனுப்பிய ஆட்கள் என்று நாகேஷ் ஒவ்வொரு வாசலிலும் சொன்னாராம்.

பழனிச்சாமியண்ணன் எனக்குப் போன் செய்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொள்ளி வைத்தவர் இல்லாமல் முடியாது, வந்தே ஆக வேண்டும் என்றார். எங்கள் ஆய்வகத் தலைவரிடம் விடுப்புக் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் எதையும் விளக்கமாகக் கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்தவர் உங்களுக்கு என்ன உறவும்மா? சாம்பிளா?"

திருப்பித் தருவது

காரியத்துக்கு முன்பே ருக்மணியக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருடைய ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. குரங்கிடம் பார்த்த அதே கிருமி. இத்தனை வருஷங்களில் எத்தனையோ குழாய்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பவரின் சிரிப்பு எனக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன். இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலையும் ரத்தக் கசிவையும் கவனித்துக்கொண்டு, உடம்பு தானாக மீளக் காத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி இருக்கிற சாமராஜநகருக்குப் போனேன். அக்கா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஈறில் ரத்தம் உறைந்திருந்தது. அண்ணன் வெளியே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் எழுந்து கைகூப்பினார். "எலியைத் திருப்பி விட்டீங்க. சாமியைத் திருப்பித் தந்தீங்க. இவளையும் திருப்பித் தந்துருங்க மேடம்."

பதினாறாம் நாள்

நான் டாக்டர் இல்லை அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை, நாயைத் தூக்கிக்கொண்டு வந்த விமலா ஆன்ட்டியிடம் அத்தனை சுலபமாகச் சொன்னவள்தான் நான். போய் வந்துகொண்டிருந்தேன். டாக்டர்களும் நர்சுகளும் பார்த்துக்கொண்டார்கள். பங்குனி பாதியில் அக்கா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லியைக் குறை சொன்னார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தை அக்கா வீடு திரும்பும்வரை தள்ளிவைத்திருந்தார்கள். ஆஞ்சநேயருக்குப் படையல் போட்டு, கொள்ளி வைத்தவள் என்று எனக்கு முதல் இலை போட்டார்கள். அக்கா இளைத்துப் பாதியாகியிருந்தார், ஆனால் பரிமாற வந்தார். தன் ரத்தம் இன்னும் மைசூரில்தான் இருக்கிறதா என்று கேட்டார். குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். குரங்கின் துண்டுகளும் அங்கேதானா என்றார். ஆமாம் என்றேன். அக்கா இலையில் இன்னொரு வடையை வைத்தார். "அப்படின்னா பக்கத்துப் பக்கத்துலயே வெய்யுங்க அம்மிணி. நான் குளிப்பாட்டி உட்ட சாமிதானுங்க, ஒண்ணும் பண்ணாது."

போன்

இப்போதெல்லாம் அந்த ஊரிலிருந்து எதற்கும் போன் வருகிறது. காக்கை செத்தால் வரும், அணில் செத்தால் வரும், ஒரு தடவை யாரோ வீட்டுக் கோழிக்கு வந்தது. எதையும் தொடுவதில்லை, தூரத்தில் நின்று காவல் காக்கிறார்கள். எலி மட்டும் விதிவிலக்கு, அதை அவர்களே கவனித்துக்கொள்கிறார்கள், நானும் கேட்பதில்லை.

போன வாரம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பழனிச்சாமியண்ணன் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "மேடம், இங்க ஒரு குரங்கு ரொம்ப நேரமா சும்மாவே உக்காந்திருக்குதுங்க. செத்தப்பறம் போன் பண்ணட்டுங்களா, இல்ல இப்பவே கிளம்பி வந்தர்றீங்களா?"

பிடித்த உயிரைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி, அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படியொரு விதி இல்லை போலிருக்கிறது, என்னை மட்டும் இன்னும் விடவில்லை.