ஆள் நிரப்பப் போன ஆட்டம்

நேற்று மகளின் விளையாட்டு விழாவுக்கு வாங்கிய பனியன் பார்சலைப் பிரித்தேன். புது நைலான் நெடி முகத்தில் அடித்ததும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "யாருங்க வர்றாங்க?" என்றாள் மனைவி. யாரும் வரவில்லை. காசிம் நினைவுக்கு வந்திருந்தான், அவ்வளவுதான்.

வளைகுடாவில் கட்டட வேலை பார்த்த காலம். அந்த நாடு சுதந்திரமடைந்த பொன்விழாவுக்காக, பல தேசத்து அணிகளை அழைத்து ஒரே ஒரு தடவை கால்பந்துப் போட்டி வைத்தார்கள். மைதானம் பெரிசு, பார்க்க ஆள் போதவில்லை. எங்கள் கேம்ப்பிலிருந்து பஸ் பஸ்ஸாக ஏற்றி, ஆளுக்கு அந்த நாட்டு அணியின் பனியனும் கொடியும் கொடுத்து உட்காரவைத்தார்கள். வல்லத்திராக்கோட்டைக்காரனான எனக்குத் தெரிந்ததெல்லாம் கபடி. முதல் கோலுக்கு எழுந்து குதித்தேன். அது நாங்கள் வாங்கிய கோலாம். முன்வரிசையில் இருந்த அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் திரும்பி முறைத்தார்.

காசிம் பந்தையே பார்க்கவில்லை. ஜெகதாப்பட்டினத்துக்காரன், என் பக்கத்துக் கட்டில். அவன் தம்பி போன சொந்த விசைப்படகை எல்லை தாண்டியதாகக் கடலில் பிடித்துவிட்டார்கள், சுட்டதாகவும் பேச்சு என்று காலையில்தான் சேதி வந்திருந்தது. எங்கள் செல்போன்களையோ கேம்ப்பிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"பாதியில வெளிய விடுவாங்களா மாப்ளே?"

"பெரிய ஆளுங்க கெளம்புற வரைக்கும் கேட்டத் தொறக்க மாட்டாங்களாம்டா."

எழுந்தான், உட்கார்ந்தான், கொடிக்கம்பை ஒடித்தான். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் என்றதும் உடைந்து அழுதுவிட்டான். அந்த நொடி பார்த்து கேமரா அவனைப் பிடித்தது. எதிரே ராட்சதத் திரையில் காசிமின் அழுகை, மாடி உயரத்துக்கு. அணிக்காக அழுகிறான் என்று மைதானமே கைதட்டியது. முன்வரிசைப் பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டார். எனக்கு என்ன தைரியமோ, "பிரதர்... போன்..." என்று காதில் கைவைத்துக் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து நீட்டினார்.

காசிம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "ஒண்ணுமே கேக்கலம்மா! உசுரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு!"

சுற்றிலும் ஒரே இரைச்சல். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கானாம்டா" என்று என் தோளில் சாய்ந்தான். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி இரண்டு மாதத்தில் ஊர் திரும்பினான். படகு திரும்பவில்லை. அப்படி ஒரு போட்டியை அந்த நாட்டில் அப்புறம் நடத்தவும் இல்லை. காசிம் வேறு தேசம் போனான், நம்பர் மாறிப்போனது. போன மாதம் ஜெகதாப்பட்டினம் போய் விசாரித்தேன். வீடு பூட்டியிருந்தது.

"படகே போச்சு, அப்பறம் இங்கிட்டு என்ன இருக்கு? எல்லாரும் திருப்பூர் பக்கம் போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

துறைமுகத்தில் வரிசையாகப் படகுகள் நின்றன. எது அவர்கள் படகு நின்ற இடம் என்று கேட்டேன். சொல்ல ஆளில்லை.