பத்தாயிரத்து நானூற்று மூன்று

நிர்மலாதேவிக்கு முப்பத்தெட்டு வயது. ஐ.டி.ஐ. முடித்ததிலிருந்து மேட்டுப்பாளையத்தில்தான் வேலை. இப்போது ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஃபிட்டர். கணக்கில் அவளுக்குத் தனித்திறமை என்று எதுவும் கிடையாது.

அங்கே பழைய பிரெஞ்சு வெட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் கியர்கள் உடைந்து பழைய இரும்போடு போய்விட்டன. மிஞ்சியது அளவு பொறித்த தகடு மட்டும்: அட்டையை இழுக்கும் உருளை 10,000 சுற்று சுற்றினால் கத்தியின் அச்சு 10,403 சுற்ற வேண்டும். கடைசி இலக்கமான மூன்றை விட்டுத்தள்ளச் சொன்னார் முதலாளி ஜானகிராமன். அவளும் விட்டாள். நூறு பல்லுக்கு நூற்று நான்கு பல் என்று ஒரே ஜோடியில் முடித்தாள். ஐம்பது சுற்று ஓட்டிப் பார்த்தபோது சரியாகவே வெட்டியது. ஆனால் சுற்றுக்குச் சுற்று மயிரிழைப் பிசகு சேர்ந்துகொண்டே போனது. கால்மணி நேரம் கழித்து, அட்டை கொடுக்கும் அன்புசெல்வி கை நீட்டிய சமயம் பார்த்து கத்தி பிந்தி இறங்கியது. வளையல் இரண்டு நொறுங்கின. கை தப்பியது.

அடுத்த திங்களன்று அன்புசெல்வி மறுபடி அங்கே உட்கார வேண்டும். "இந்த வாட்டியாவது என் கைய நெனச்சுக் கணக்குப் போடுக்கா" என்று சிரித்தாள்.

பத்தாயிரம் நூறு பெருக்கல் நூறு; 10,403-உம் அப்படி இரண்டு சிறிய எண்களின் பெருக்கலாக உடைந்தால் இரண்டு ஜோடி கியரில் துல்லியமாகச் செய்துவிடலாம். பகா எண்ணாக இருந்தால் வழியே இல்லை; பத்தாயிரம் பல் வைத்த கியரை யார் வெட்டுவது? அட்டைத் துண்டின் பின்புறம் வகுக்கத் தொடங்கினாள். மூன்றால் வகுபடவில்லை. ஏழுக்கு ஒன்று மிஞ்சியது. பதின்மூன்றுக்கு, அவள் விட்டுத்தள்ளிய அதே மூன்று மிஞ்சியது. அதை அழுத்திக் கோடிட்டுவிட்டு மேலே போனாள். ஐம்பதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, 97 வரை வந்தாள். எதுவும் வகுக்கவில்லை. பாக்கி 101 ஒன்றுதான். அதற்கு மேல் ஏதாவது வகுத்தால் அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும்; பார்க்கத் தேவையில்லை. அந்த எண் உடையுமா என்பது அவள் பென்சிலை எடுப்பதற்கு முன்பே தீர்ந்த விஷயம். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

உடைந்தது. 101 பெருக்கல் 103. இரண்டும் பகா எண்கள், இனி உடையாதவை. ஆனால் அத்தனை பற்கள் ஒரு கியரில் கொள்ளும். 102-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு, ஆகவே 102-க்கு ஒன்று கீழும் ஒன்று மேலும் உள்ள எண்களின் பெருக்கல் என்று கவனித்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை.

கியர்களை வெட்டி மாட்டினாள். ஆள் இல்லாமல் ஐயாயிரம் சுற்று ஓட்டினாள். கத்தி கோட்டின் மேலேயே விழுந்தது. அப்படியும் திங்களன்று அன்புசெல்வியை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். பத்து அட்டை கொடுத்திருப்பாள்.

அன்புசெல்வி அவள் தோளைத் தொட்டாள். "எழுந்துருக்கா. நீ அட்டையப் பாக்கல, கத்தியப் பாக்குற. இப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு."

நிர்மலாதேவி எழுந்தாள். சுவரோரம் போய் நிறுத்தும் பொத்தான் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.