துவாதசிக் காய்ச்சல்

அழகிரியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று ஆபீஸில் கேட்பார்கள். அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஐம்பதாம் வருஷம் திருச்சி கன்டோன்மென்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் இருவரும் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். அவர் எனக்கு ஒரு வாரம் சீனியர். வீடு இருவருக்கும் ஸ்ரீரங்கம். ஹெட்கிளார்க் எழுதித் தரும் ஆங்கிலக் கடிதத்தை அப்படியே பிரதி எடுப்பதுதான் எங்கள் வேலை. சொந்தமாக ஒரு வரி எழுதி மெட்ராஸுக்கு அனுப்பும் உரிமை ஹெட்கிளார்க்குக்கு மட்டும்தான். அழகிரிக்கு அந்த உரிமை வேண்டும். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தான் எழுதிய கடிதத்தை மெட்ராஸில் யாராவது முழுசாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தியம் என்று நினைத்தேன். இன்றும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

தென்னூர் பழைய பேப்பர் கடையில் அட்டை போன அகராதி ஒன்றை வாங்கினார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஐந்து வார்த்தை. அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வார்த்தை எதோடு சேரும், எதோடு சேராது என்று தெரிய வேண்டும் என்பார். அதற்கென்று ஒரு நோட்டு. சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி மழையை 'ஹெவி'யோடு சேர்ப்பார், காற்றை 'ஸ்ட்ராங்'கோடு சேர்ப்பார். மாற்றிச் சேர்த்தவன் அன்றைக்குத் தொலைந்தான். ஒன்றுபோல் தோன்றி ஆளை ஏமாற்றும் வார்த்தைகளுக்கு நோட்டின் பின்பக்கம். 'அக்யூட்' என்றால் வந்து வாட்டிவிட்டுப் போகிற நோய், 'க்ரானிக்' என்றால் வந்து குடியிருக்கிற நோய். இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று, ஸ்ரீரங்கத்துக் குமாஸ்தாக்கள் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வரும். பட்டினி கிடந்து, கண்விழித்து, கூட்டத்தில் நசுங்கி, சொர்க்கவாசல் கடந்து வந்தவன் மறுநாள் ஃபைல் பார்ப்பானா? உண்மையை எழுதினால் லீவு கிடைக்காது. அதனால், வேலைக்குத் திரும்பிய அன்று, காய்ச்சலால் அவதிப்பட்டதாகப் பள்ளிக்கூடத்தில் கற்ற அதே ஆங்கில வரியை எழுதிக் கொடுப்போம். வடக்கேயிருந்து வந்த ஆபீஸர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நான் தேதியை மட்டும் மாற்றி ஒரே லெட்டரை எட்டு வருஷம் கொடுத்திருந்தேன்.

ஐம்பத்தெட்டு மார்கழி. பொங்கல் கழிந்ததும் ஹெட்கிளார்க் ஓய்வு பெறுகிறார், அடுத்தது அழகிரி. எல்லோரும் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தோம்.

"நாங்க எழுதுறதையே எழுதிடுங்க சார்" என்றேன்.

"அஞ்சு வருஷம் ராப்பகலா படிச்சதுக்கு, நாலாங்கிளாஸ் வரியை நான் எழுதணுமா?" என்றார்.

எழுதினார். நாள்பட்ட தலைசுற்றல், கூடவே அவ்வப்போது வந்து மறையும் ஞாபகத் தடுமாற்றம். 'க்ரானிக்' அதற்குரிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை பிசகில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஆபீஸர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லீவு லெட்டரை முழுக்கப் படித்தார். மனிதர் நல்லவர், நிஜமாகவே பயந்துபோனார். அழகிரியை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆபீஸர் அழகிரியை அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலோடு நானும் அங்கே நின்றிருந்தேன். இந்த நோய் உண்டா இல்லையா, நீரே எழுதிக் கொடும் என்றார் ஆபீஸர். உண்டு என்றால், ஞாபகம் தடுமாறுகிறவனை ஹெட்கிளார்க் ஆக்க மாட்டார்கள். இல்லை என்றால் லெட்டர் பொய். அந்தப் பொய்யை விசாரிக்க ஆரம்பித்தால், ஒரே நாளில் வந்த மற்ற ஆறு காய்ச்சலும் வெளியே வரும். என்னுடைய பழைய காய்ச்சல்களும் வரிசையாக வரும்.

அழகிரி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து, நோய் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாற்காலி எனக்கு வந்தது. அடுத்த மார்கழியில் அவருடைய லீவு லெட்டர் என் மேஜைக்கு வந்தபோது எடுத்துப் படித்தேன். என்னுடைய பழைய லெட்டரேதான், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. வெட்கமாக இருந்தது. சிபாரிசு செய்து உள்ளே அனுப்பினேன்.

மெட்ராஸுக்கு நான் எழுதிய கடிதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் அழகிரியே ஒன்றை வாங்கித் திருத்தினார். பிறகு முழுக்கவே அவர்தான் எழுதினார். கையெழுத்து மட்டும் என்னுடையது. அறுபத்தொன்றில் மெட்ராஸிலிருந்து பாராட்டு வந்தது, திருச்சி ஆபீஸ் கடிதங்களின் ஆங்கிலம் மிக நேர்த்தி என்று, என் பெயருக்கு. அதில், பிப்ரவரியில் போன கடிதத்தின் நாலாவது பாராவைக் குறிப்பிட்டே பாராட்டியிருந்தார்கள்.

காகிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஏதோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். என் பெயரை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நாலாவது பாரா வரைக்கும் படிச்சிருக்காங்க சார்" என்றார்.