நன்மை வாங்காத லீலா மேரி

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். பஸ் வரவில்லை, ஆடு குட்டி போட்டது, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவனுக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பூசைக்கு வந்து, பாட்டெல்லாம் பாடி, முழங்காலும் போட்டுவிட்டு, நன்மை வாங்குகிற நேரத்தில் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவரைத்தான் விடமாட்டார்கள். நன்மை என்றால் நற்கருணை. சாமியார் கையில் வைக்கிற மெல்லிய வெள்ளை அப்பத்தை ஆண்டவரின் உடல் என்று நம்பி வாங்குகிறார்கள். பெரிய பாவம் செய்தவர்கள் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல், அதை வாங்கக் கூடாது. அதனால் வரிசை முழுக்க எழுந்து போக, ஒருத்தி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், பீடத்தைப் பார்க்க வேண்டிய கண்ணில் பாதி அவள் பக்கம் திரும்பிவிடும்.

அந்த ஆனி மாதம் அப்படி உட்கார்ந்திருந்தவள் லீலா மேரி.

வேறு யாராவது என்றால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். லீலா மேரி என்பதால் விடாமல் பேசினார்கள். அவள் புருஷன் செல்வநாதன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். அரியலூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தபோது மகள் ரீனா தவழ்ந்துகொண்டிருந்தாள். மாமனார் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார், போகவில்லை. கோயிலிலிருந்து விதவைகளுக்கென்று அரிசி மூட்டை வந்தது. கொண்டுவந்தவரின் சைக்கிளிலேயே அதைத் திருப்பி ஏற்றி, கயிற்றையும் தானே இறுக்கிக் கட்டி அனுப்பினாள். முந்திரி உடைக்கிற கூலிக்குப் போனாள். கொட்டைப் பால் பட்டுக் கைத்தோல் வெந்து உரிந்தது. பிறகு தானே கொட்டை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நாலு பெண்களுக்கு வேலையும் கொடுத்து, ஜெயங்கொண்டத்துக் கடைகளுக்குப் பருப்புப் போட்டாள். கூரை வீடு மெத்தை வீடானது. ரீனா திருச்சியில் படித்து டீச்சர் வேலைக்குப் போனாள்.

இதெல்லாம் பெரிய காரியம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் லீலா மேரிக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவிழா வரியை முதல் ஆளாகக் கட்டுவாள், கட்டியதைக் கடைசி ஆள் வரைக்கும் தெரியப்படுத்துவாள். தெருவில் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் குறையைச் சொல்லி மன்றாடுவார்கள். அவள் முறை வரும்போது நன்றி மட்டும் சொல்வாள். ஆண்டவர் எனக்குக் கையைக் கொடுத்திருக்கிறார், அதற்குமேல் அவரைத் தொந்தரவு பண்ணுவானேன் என்பாள். கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு உள்ளுக்குள் இளக்காரம். அவள் பக்தியில் பாதி வீறாப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தக் கைதான் ஆடத் தொடங்கியது.

முதலில் வலது கைப் பெருவிரல். பிறகு கை முழுக்க. கொட்டையை உடைத்தால் முழுப்பருப்பு வரவேண்டிய இடத்தில் நொறுங்கல் வந்தது. கொட்டகையில் வேலை பார்த்த பூங்காவனம் அதை முதலில் கண்டுகொண்டாள். கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தாள் லீலா மேரி. அரியலூர் ஆஸ்பத்திரி என்றால் தெரிந்த முகம் நாலு இருக்கும் என்று, இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூருக்குத் தனியாகப் போனாள். நடுக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரை காலம் பூராவும் போட வேண்டும், மட்டுப்படும், அடியோடு போகாது, துணைக்கு ஆள் இல்லாமல் இனிமேல் வராதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு வியாதியைவிட வலித்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் முந்தானைக்குள் கையை வைத்து இடுக்கிக்கொண்டு அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப்பிறகு எல்லோர் முன்னாலும் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது, சாப்பாடு கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிறு நன்மை வாங்கும்போது அப்பம் அவள் உள்ளங்கையிலிருந்து துள்ளியது. கீழே விழாமல் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நொறுங்கிப்போனதைச் சேலையிலிருந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இடத்துக்கு வந்தாள். ஆண்டவரைத் தரையில் போட்டிருப்பேனே என்று உடம்பு பதறியது. அடுத்த ஞாயிறு அவள் எழுந்திருக்கவில்லை.

முன்பெல்லாம் எல்லோரும் நாக்கில்தான் வாங்குவார்கள். கொரோனா வந்தபிறகு கையில் வாங்குவது என்று ஆகிவிட்டது. வாயில் கொடுங்கள் சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் லியோ பிரபு சாமியார் கொடுத்துவிடுவார், அவர் ஒன்றும் கெடுபிடிக்காரர் இல்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டும். ஏன் கேட்கிறாள் என்று நாலு பேர் பார்ப்பார்கள், பாவம் என்பார்கள். லீலா மேரியை ஊர் பாவம் என்று சொல்வதற்கு அவள் செத்துப்போகலாம்.

அதற்குள் ரீனாவுக்கு வரன் அமைந்திருந்தது. ஏலாக்குறிச்சிப் பையன், பெயர் டெனிஸ், அவனும் வாத்தியார்தான். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரை இன்னார் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலைக்குப் பையனின் அம்மா ஞானசௌந்தரி இந்தக் கோயிலுக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்கு முன்பே பேச்சு அங்கே போய்விட்டது. பொண்ணோட அம்மா நன்மை வாங்குவதில்லையாம், ஜெயங்கொண்டத்து முந்திரி வியாபாரி ஒருத்தனோடு தொடர்பாம் என்று. அந்த வியாபாரிக்குப் பல் போய் வருசங்கள் ஆகின்றன. வதந்திக்குப் பல்லா முக்கியம்.

டெனிஸ் மூலமாக அது ரீனாவின் காதுக்கு வந்தது. லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். சோற்றைக்கூடத் தொடாமல் அம்மாவை எதிரே உட்காரவைத்தாள்.

"என்னம்மா பண்ணுன? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. நான் உன்ன தப்பா நெனைக்கமாட்டேன்."

லீலா மேரி மகளைப் பார்த்தாள். கையை வெளியே எடுத்துக் காட்டினால் அந்த நிமிடமே பேச்சு முடிந்துபோகும். எடுக்கவில்லை. ஊரு ஆயிரம் பேசும், அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கெட்டவள் என்றால் ஊர் பயந்து ஒதுங்கும், கை ஆடுகிறவள் என்றால் வீட்டுக்கே வந்து தலையைத் தடவும். இரண்டில் எது மேல் என்று அவள் மனசு தீர்மானித்துவிட்டிருந்தது. பெற்ற மகள் அழுவதைக் கேட்டும் அந்தத் தீர்மானம் அசையவில்லை. அப்படியொரு அழுத்தக்காரி.

ஆனால் ஞாயிறு நெருங்க நெருங்கப் பயம் பிடித்தது. சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்தே இருந்தால் கல்யாணம் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கே சொல்வதற்கு ஒரு பாவத்தை வழியிலேயே தயார் செய்துகொண்டு போனாள். நன்மை வாங்காததற்குச் சாமியாரிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே. பாவமன்னிப்பு கேட்கப்போகிற இடத்துக்குப் பொய்யைக் கட்டிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருவர்மேல் ஆறாத பகை இருக்கிறது, அதனால்தான் நன்மை வாங்கவில்லை என்றாள். யார்மேல் என்று கேட்டார் சாமியார். அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். ரீனாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், குருப்பட்டம் வாங்கி வந்து அதிக நாள் ஆகவில்லை.

"போன மாசம் உங்களுக்கு நன்மை குடுக்கும்போது கை ஆடுச்சு. அதுக்கப்புறம் நீங்க வரல. கைக்கு என்னம்மா?" என்றார்.

லீலா மேரிக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய்விடத்தான் நினைத்தாள். மறுநாள் ஓலை ஞாபகம் வந்தது. அப்படியே இருந்து, இதுவரை ஒரு ஆளிடமும் பேசாத குரலில் பேசினாள்.

"இந்தக் கைய நம்பித்தான் சாமி இத்தன வருசமா நின்னேன். இப்ப என் சோத்த நானே சிந்தாம அள்ளித் திங்க முடியல. ஒண்ணுத்துக்கும் ஆகாதவளாப் போயிட்டேன். இத நீட்டிக்கிட்டு அவரு முன்னாடி எப்படி வந்து நிக்கிறது?"

சாமியார், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவரைப் போலக் கேட்டார்.

"அப்ப இத்தன நாளா அத நீங்க ஒழச்ச கூலின்னு நெனச்சா வாங்குனீங்க?"

கேட்டுவிட்டு அவரே சங்கடப்பட்டார். வழக்கமான ஜெபங்களை அபராதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். லீலா மேரி முந்திரித் தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள். நேற்றுப் பிறந்த பையன் என்னைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறான் என்று பாதி வழி வரைக்கும் வைதுகொண்டே போனாள். மீதி வழியில் வைய முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை. கூலி என்றுதான் நினைத்திருந்தாள். உபவாசம் இருந்தாள், வரி கட்டினாள், ஒருவரிடமும் கேட்கவில்லை. அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வாங்கினாள். ஆண்டவர்கூட அவளுக்குப் பாக்கி வைக்காத ஒரு ஆளாகத்தான் இருந்திருக்கிறார். இனிமேல் வேலை செய்ய முடியாது என்றால் நான் யார் என்று நினைத்தபடியே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ரீனா பிறந்த அன்றைக்கு எதைச் சம்பாதித்துக்கொண்டு வந்தாள் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. அந்தப் பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டபோது அவள் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. மரத்தடியில் நின்று வெகுநேரம் அழுதாள். அது ஆறுதலான அழுகை இல்லை. இருந்தது எல்லாம் பறிபோன அழுகைதான்.

ஞாயிறு பூசைக்குப் புருஷனோடு வந்த ஞானசௌந்தரி பட்டுச்சேலையில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள், வலப்பக்கம் ரீனா. நன்மை நேரம் வந்தது. லீலா மேரி எழுந்தாள். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. ரீனா நிமிர்ந்து பார்த்தாள்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. கிறிஸ்துவின் உடல் என்று சொல்லி அப்பத்தை உயர்த்திக் காட்டினார் சாமியார். ஆமென் என்று சொன்ன பிறகும் அவள் கை நீளவில்லை. அதை முந்தானையிலிருந்து விடுவித்துக் கீழே தொங்கவிட்டாள். எல்லோரும் பார்க்க அது ஆடியது.

"வாயில குடுங்க சாமி," என்றாள்.

பாட்டு ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்காத நேரம் அது. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவர் நாக்கில் வைத்தார்.

இடத்துக்கு வந்து முழங்காலிட்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பம் நாக்கில் கரைந்துகொண்டிருந்தது. கை பெஞ்சில் பட்டுப் படபடவென்று சத்தம் போட்டது, அவள் அதை அடக்கப் பார்க்கவில்லை. கை ஆடாமல் இருந்த காலத்திலும் ஆண்டவர் கையைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நான் ஒன்றுக்கும் ஆகாமல் போன பிறகும் வந்திருக்கிறாரே என்று நினைத்தாள். பழைய பெருமை திரும்பி வரவில்லை. அது இருந்த இடத்தில் பயம்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு அவள் தனியாக இல்லை என்பது அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது.

பூசை முடிவில் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்றபோது ஞானசௌந்தரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் முகப்பிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"சம்பந்தி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது பரம்பரையா வர்றதா? நாளைக்கு புள்ளைக்கும் வருமா?"

லீலா மேரி நேற்றுவரை என்றால் அவளை ஏலாக்குறிச்சி வரைக்கும் விரட்டியிருப்பாள்.

"தெரியலைங்க. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். எனக்கு இது கூடிக்கிட்டேதான் போவுமாம். புள்ளையோட பிரசவத்துக்கு நான் ஒத்தாசை பண்ண முடியாது, என்னையே யாராச்சும் பாத்துக்கணும். தெரிஞ்சே பொண்ணு எடுங்க."

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக ஞானசௌந்தரி சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, உறுதியும் இல்லை. புருஷனோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ரீனா தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்காக அழுகிறாளா, இத்தனை நாளாக ஒளித்துவைத்த கைக்காக அழுகிறாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஏம்மா எங்கிட்ட சொல்லல என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். கோயில் வாசலில் ஊர் நின்றுகொண்டிருந்தது, பாவம் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. லீலா மேரி கீழே இறங்க வேண்டிய படிகளைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"ரீனா, கையப் புடிச்சுக்க," என்றாள். "எனக்குத் தனியா எறங்க முடியல."

ரீனா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் சேர்ந்து ஆடியது. அப்படியே மெதுவாக இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள்.